715 பரிசோதனை: வடக்கே செய்கிறார்கள், மெல்பேர்னில் ஏன் விட்டுப்போகிறது?

தாதி_மெல்பேர்ன்

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது, இங்கே கேட்டால் பதில் கிடைக்கும் என்று எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் மருத்துவத் துறையில் இருக்கும் நம்மவர்கள் பலர் இந்தப் பக்கம் வருவது தெரியும்.

நான் மெல்பேர்னின் மேற்கே ஒரு ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் ஆறு வருடமாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நான்கு வருடமாக எங்களிடம் பிரஷர் மாத்திரைக்கு வருகிறார். போன மாதம் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது ஊர்க்கதை வந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். "ஷெப்பர்ட்டன் பக்கம், அம்மா வழியில் நாங்கள் யோர்ட்டா யோர்ட்டா" என்றார், சாதாரணமாக. அது அந்தப் பக்கத்துப் பூர்வகுடி இனம் ஒன்றின் பெயர். எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் போன பிறகு கோப்பைத் திறந்து பார்த்தேன். அபொரிஜினல் அல்லது டோரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்தவரா என்ற கட்டம் காலியாக இருந்தது. 'இல்லை' என்றுகூட எழுதவில்லை, வெறும் காலி. நான்கு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இதனால் அவருக்குப் போனது என்னவென்று கணக்குப் பார்த்தேன். பூர்வகுடி மக்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) செலவில் செய்யக்கூடிய உடல்நலப் பரிசோதனை, 715 என்பது அதன் மெடிகேர் எண், ஒன்றுகூட நடக்கவில்லை. அதற்குப் பின் கிடைக்கும் பாத மருத்துவர், உணவு ஆலோசகர் போன்றோரின் தொடர் கவனிப்பும் இல்லை. 2010 முதல் பூர்வகுடி மக்களுக்கு மருந்து விலையில் இருக்கும் சலுகையும் போயிற்று, நான்கு வருடமாக மாத்திரைக்கு முழுப் பங்கும் கட்டியிருக்கிறார்.

பிறகு புள்ளிவிவரங்களைத் தேடிப் படித்தேன். நாடு முழுதும் 2010-11இல் பூர்வகுடி மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் இந்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், 2018-19க்குள் அது 30 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. நல்ல ஏற்றம்தான். ஆனால் மாநிலவாரியாகப் பார்த்தால் குயின்ஸ்லாந்தும் வட பிரதேசமும் மூன்றில் ஒருவருக்கு மேல் போகின்றன, எங்கள் விக்டோரியாவும் டாஸ்மேனியாவும் ஐந்தில் ஒருவர் அளவிலோ அதற்கும் கீழேயோ நிற்கின்றன. பெருநகரங்களில்தான் எல்லாவற்றையும்விடக் குறைவு. தெருவுக்கு ஒரு கிளினிக் இருக்கும் ஊரில் குறைவு, ரோடே இல்லாத இடத்தில் அதிகம். இது எப்படி? வடக்கே வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சிவப்புமண்

வணக்கம் அக்கா. நான் வட பிரதேசத்தில் கேத்ரினுக்கு அப்பால் உள்ள பூர்வகுடிச் சமூகங்களுக்குப் போய்வரும் ஜிபி. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடங்களில் வேலை செய்ய வேண்டும் என்று பத்து வருடக் கட்டுப்பாடு இருக்கிறதே, அதற்காக வந்தவன், கட்டுப்பாடு முடிந்தும் போகாமல் இருந்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் காரணம் மிக எளியது. இங்கே ஒரு ஊருக்கு ஒரே கிளினிக். காய்ச்சலோ வெட்டுக்காயமோ ஊசியோ எல்லாம் அங்கேதான். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரே கோப்பு, அதில் யாருக்கு எப்போது பரிசோதனை என்று பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் ஊரில் ஒருவர் மூன்று கிளினிக்குக்குப் போவார், மூன்றிலும் பாதிப் பாதிக் கோப்பு இருக்கும், ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் எங்கள் ஊரில் அந்தக் கேள்வியே எழுவதில்லை, கிளினிக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் பூர்வகுடி மக்கள்தான். வட பிரதேச மக்கள்தொகையில் பத்தில் மூன்று பேர் பூர்வகுடிகள். எனவே 'கேட்க மறந்தோம்' என்ற பிழைக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது காரணம் ஆட்கள். எங்களோடு ஒரு அபொரிஜினல் சுகாதாரப் பணியாளர் இருக்கிறார், பதிவு பெற்றவர், அந்த ஊர்க்காரர், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு உறவில் அத்தையோ பாட்டியோ. போன வறண்ட காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை வைத்தோம். மாமரத்தடியில் இரண்டு மேசை, ஒரு எடைப் பொறி, உயரம் அளக்கும் பலகை. ஏழு வயதுப் பையன் ஒருவன் என் கையில் காது பார்க்கும் விளக்கைக் கண்டதும் ஓடிவிட்டான். எங்கள் பணியாளர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கிரியோலில் (அந்தப் பக்கத்துப் பேச்சுமொழி) ஏதோ சொன்னார், பையன் திரும்பி வந்து அவர் மடியில் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினான். உள்ளே சவ்வில் ஓட்டை, சீழ் நாறியது. பஞ்சுத் திரியால் துடைத்துக்கொண்டே, "இவன் வகுப்பில் கடைசியில் உட்கார்கிறான், அதனால்தான் ஒன்றும் கேட்பதில்லை என்று டீச்சர் திட்டுகிறார்" என்று என்னிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தேவையான சரித்திரம் முழுவதும் இருந்தது. பிள்ளை இந்த வாரம் எந்த வீட்டில் தூங்குகிறான் என்பதும் அவருக்குத்தான் தெரியும். மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சதவீதம் அதிகம் என்பதால் எங்கள் மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் முப்பது பரிசோதனை முடித்துவிடலாம். அதில் கண்டுபிடித்ததற்கு வைத்தியம் செய்யத்தான் ஆளில்லை. மழைக்காலத்தில் ரோடு அறுந்துவிடும். ஊரில் சாவு விழுந்தால் துக்க நாட்களில் எல்லாம் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். தாதிகள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று வந்துவிட்டுப் போகிறார்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்காக. அதில் இரண்டு தவறினாலே இதய வால்வுக்கு ஆபத்து. பரிசோதனை வருடத்தில் ஒரு நாள், ஊசி பதிமூன்று நாள்.

தரவுக்காரர்

கான்பெராவில் இருக்கிறேன், எண்களோடு பழகும் வேலை. இந்தச் சதவீதங்களை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை அப்படியே ஊருக்கு ஊர் ஒப்பிட்டால் வழி தவறிவிடும்.

சதவீதம் என்பது ஒரு பின்னம். அதில் மேலே இருக்கும் எண் மெடிகேரில் 715 என்று பில் போட்டவை மட்டும். மாநில அரசு நேரடியாக நடத்தும் நிலையங்கள் சிலவற்றில் இதே பரிசோதனை நடந்தாலும் மெடிகேரில் பில் போடாவிட்டால் இந்தக் கணக்கில் வராது. கீழே இருக்கும் எண் பூர்வகுடி மக்கள்தொகை மதிப்பீடு. 2016 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சத்து 49 ஆயிரம் பேர், 2021இல் 8 லட்சத்து 12 ஆயிரம் பேர். ஐந்து வருடத்தில் கால் பங்கு உயர்வு. அந்த உயர்வில் பாதிக்கு மேல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எதனாலும் விளக்க முடியாதது, முன்பு அடையாளத்தைச் சொல்லாதவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்பதே பெரும் காரணம். ஆக, கணக்கெடுப்புப் படிவத்தில் சொல்லும் ஒருவரிடம் கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை என்றால் கீழ் எண்ணில் சேருவார், மேல் எண்ணில் சேரமாட்டார். அக்கா சொன்ன ஷெப்பர்ட்டன்காரர் அப்படி ஒருவராக இருக்கலாம்.

டாஸ்மேனியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1876இல் ட்ருகனினி என்ற பூர்வகுடிப் பெண் இறந்தபோது அந்தத் தீவின் பூர்வகுடியே அத்தோடு அழிந்துவிட்டது என்று எழுதி, அதையே நூறு வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பொய். 2021 கணக்கெடுப்பில் அங்கே முப்பதாயிரம் பேர் தங்களைப் பூர்வகுடி என்று பதிந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக 'நீங்கள் இல்லை' என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் டாக்டரின் முன்மேசையில் போய் நீங்களாகவே சொல்லுங்கள் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. கேட்க வேண்டியது நம் கடமை.

இன்னொன்று. பூர்வகுடி மக்கள் என்றாலே தொலைதூரப் பாலைவனம் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் சுமார் 40 சதவீதம் பேர் பெருநகரங்களில் வாழ்கிறார்கள், தொலைதூரப் பகுதிகளில் 15 சதவீதம்தான். விகிதம் எங்கே குறைவோ அங்கேதான் தலைகளும் அதிகம். விடுபட்டவர்களைத் தலைக்கணக்கில் எண்ணினால் பெரும்பகுதி சிட்னி, பிரிஸ்பேன், மெல்பேர்ன், பெர்த் புறநகர்களில்தான் இருப்பார்கள், நம் பக்கத்துத் தெருவில்.

சிட்னிவாசி78

நான் டாக்டர் இல்லை, ஐடி. யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை, புரியாமல் கேட்கிறேன். பரிசோதனை இலவசம், மருந்துக்குச் சலுகை, எல்லாம் இருந்தும் மக்கள் போகவில்லை என்றால் அது அவரவர் விருப்பம் இல்லையா? நம் ஆட்களுக்கும்தான் நாற்பது வயதிலேயே சர்க்கரை வருகிறது. நமக்கு வருடாவருடம் இப்படி ஒன்று இல்லையே. ஒரு சமூகத்துக்கு மட்டும் ஏன்?

தாதி_மெல்பேர்ன்

தம்பி, கேட்டது நல்லது, மனதில் வைத்துக்கொள்பவர்களைவிடக் கேட்பவர்கள் மேல். நமக்கு ஒன்றுமே இல்லை என்பது சரியில்லை. 45 முதல் 49 வயதுக்குள் நாள்பட்ட நோய் வரும் ஆபத்து இருந்தால் ஒரு முறை பரிசோதனை உண்டு, 40 முதல் 49 வரை சர்க்கரை ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை உண்டு. உங்கள் ஜிபியிடம் கேளுங்கள், நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

ஏன் அவர்களுக்கு வருடாவருடம் என்பதற்கு இந்தத் திட்டத்தின் தொடக்கமே பதில். 1999இல் முதியோருக்கான பரிசோதனையை மெடிகேரில் சேர்த்தபோது மற்றவர்களுக்கு 75 வயதிலிருந்து என்றும் பூர்வகுடி மக்களுக்கு 55 வயதிலிருந்து என்றும் வைத்தார்கள். இருபது வருட வித்தியாசம். அவர்களுக்கு முதுமையின் நோய்கள் அவ்வளவு முன்னதாக வருகின்றன என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டது அது. பிறகு 2004இல் பெரியவர்களுக்கும் 2006இல் குழந்தைகளுக்கும் சேர்த்தார்கள், 2010இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 715 என்று எண் கொடுத்தார்கள். 2020-22 கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 71.9, பெண்களுக்கு 75.6. மற்றவர்களோடு ஒப்பிட்டால் எட்டு வருடத்துக்கு மேல் குறைவு.

விருப்பம் என்று சொல்கிறீர்கள். நான் சொன்னவரிடம் யாரும் விருப்பத்தைக் கேட்கவே இல்லையே, தம்பி.

யாழ்_கூடம்

சிட்னித் தம்பிக்கு ஒரு வார்த்தை. எனக்கு வயது அறுபத்தெட்டு, 87இல் இந்த நாட்டுக்கு வந்தவன். வைத்தியம் தெரியாது. ஆனால் படிவத்தில் 'நீ எந்த இனம்' என்று ஒரு கட்டம் இருந்தால் பேனா ஏன் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். கொழும்பில் பதிவுக்குப் போய் நின்ற நாட்களில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நம் உள்ளங்கை வியர்த்ததை மறந்துவிட்டோமா? எழுதினால் என்ன வரும், எழுதாவிட்டால் என்ன வரும் என்று யோசித்தோமே.

இந்தப் பூர்வகுடி மக்களுக்கு அது இன்னும் நெருக்கமான பயம். பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை அரசாங்க ஆட்களும் திருச்சபை நிலையங்களும் சேர்ந்து செய்தது. ஆஸ்பத்திரியில் பெற்ற கட்டிலிலிருந்தே குழந்தையை எடுத்துக்கொண்டு போனதை 1997இல் வந்த விசாரணை அறிக்கையிலே தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். பாராளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரி 13. நேற்று மாதிரி. என் பக்கத்து வீட்டு அம்மா அப்படி எடுக்கப்பட்டவர், இன்றைக்கும் டாக்டரிடம் போகும்போது வீட்டை ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் போவார், யாராவது பின்னால் வந்து பார்ப்பார்களோ என்று. ஒருநாள் நான் காரில் கூட்டிப்போக வந்து நின்றபோது குசினியில் கோப்பையைக் கழுவி, துடைத்து, அடுக்கி, மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "நேரமாகுது அக்கா" என்றேன். "இது முடியட்டும்" என்றார். இலவசம் என்றால் போதுமா, தம்பி?

சிட்னிவாசி78

ஐயா, படித்தேன். 'விருப்பம்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 97 அறிக்கை பற்றித் தெரியும், ஆஸ்பத்திரிக் கட்டில் விஷயம் தெரியாது. என் பிள்ளை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது.

பிரிஸ்பேன்_மதி

குயின்ஸ்லாந்து ஏன் முன்னால் நிற்கிறது என்பதற்கு என் பக்கத்துக் கதை. நான் பிரிஸ்பேனை ஒட்டிய லோகன் பகுதியில் மருந்தகம் வைத்திருக்கிறேன்.

குயின்ஸ்லாந்து என்றால் வடகோடியில் உள்ள கேப் யார்க், டோரஸ் நீரிணை என்று மட்டும் நினைக்கக்கூடாது, தென்கிழக்கு மூலையில் பிரிஸ்பேனைச் சுற்றித்தான் பூர்வகுடி மக்கள் பெரிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள், அந்த எண்ணிக்கை வேகமாகக் கூடியும் வருகிறது. மக்கள் இருந்த புறநகர் ஒன்று, அவர்களுக்கான நிலையம் இருந்த இடம் வேறொன்று. 2009இல் இந்தப் பகுதியிலிருந்த சமூக மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நகர்ப்புறப் பூர்வகுடி சுகாதாரத்துக்கென்று ஒரு பொது நிறுவனத்தை உருவாக்கின. ஐயுஐஎச் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் செய்த முதல் வேலை, மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்து அங்கே கிளினிக் திறந்தது. வண்டி அனுப்பிக் கூட்டிவருவார்கள், திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். ஆரம்பத்தில் வருடத்துக்குச் சில நூறு என்று இருந்த பரிசோதனைகள் பத்து வருடத்துக்குள் பல ஆயிரங்களாயின.

அப்புறம் அந்தச் சட்டை. 'டெட்லி சாய்சஸ்' என்று ஒரு இயக்கம் நடத்துகிறார்கள். டெட்லி என்றால் அவர்கள் பேச்சில் அருமை, அட்டகாசம் என்று பொருள். 715 முடித்தால் ஒரு சட்டை, பிரிஸ்பேன் பிராங்கோஸ் மாதிரி ரக்பி அணிகளின் நிறத்தில், பூர்வகுடி ஓவியத்தோடு. காசுக்கு வாங்குவதற்கு வைத்ததல்ல, பரிசோதனை முடித்தவருக்கு. ஒரு சனிக்கிழமை என் கடைக்குப் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒருவன் அந்தச் சட்டையோடு வந்தான். வரிசையில் முன்னால் நின்றவன், "டேய் இது புது டிசைனா, எனக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டதா பார்க்கணும்" என்று கைபேசியில் தேதியைத் தேடினான். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒன்பது மாத இடைவெளி வேண்டும் என்ற மெடிகேர் விதி, எத்தனையோ டாக்டர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராதது, அவனுக்கு மனப்பாடம். இளம் ஆண்களைக் கிளினிக் வாசலுக்குக் கொண்டுவருவதுதான் எங்கேயும் கஷ்டம். இங்கே அவர்களாக வருகிறார்கள். துணிக்காக வருகிறார்கள் என்று சிலர் குறைசொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது 'நான் இவர்களில் ஒருவன்' என்று தலைநிமிர்ந்து சொல்வது. யாழ்_கூடம் ஐயா சொன்ன வியர்த்த உள்ளங்கைக்கு நேர் எதிர்.

ஆனால் மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு 715க்கு மெடிகேர் இருநூறு டாலருக்கு மேல் தருகிறது. எங்கோ ஒரு கிளினிக்கில் பத்து நிமிடத்தில் பெட்டிகளில் டிக் அடித்து முடித்த தாள்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து, "இது எதற்கு என்று தெரியுமா, கையெழுத்து வாங்கினார்கள்" என்று கேட்டார். சர்க்கரை என்று அதில் எழுதியிருந்தது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தத் தாளும் புள்ளிவிவரத்தில் ஒரு வெற்றிதான்.

கெயின்ஸ்கடல்

மதி சொன்னதை வழிமொழிகிறேன். நான் பாத மருத்துவர், கெயின்ஸிலிருந்து வடக்கே போய்வருகிறேன். எனக்கு நோயாளி வருவதே 715க்குப் பிறகுதான். பரிசோதனை முடித்தவர்களில் ஒரு வருடத்துக்குள் அதன்பேரில் ஏதாவது ஒரு தொடர் சேவை பெற்றவர்கள் கோவிட்டுக்கு முந்தைய வருடங்களில் பாதிக்கும் குறைவுதான். பத்து வருடத்துக்கு முன்பு இன்னும் மோசம், அதைவிட இது முன்னேற்றம்தான். என்றாலும் பாதிப் பேர் காகிதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

என் வேலை எளிது. நைலான் நூல் ஒன்றைப் பாதத்தில் பத்து இடத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று கேட்பேன். ஒரு பெரியவர், முன்பு முத்துச்சிப்பிப் படகில் வேலை செய்தவர், பத்தில் ஏழில் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து, "தொடங்கவில்லையா இன்னும்?" என்றார். அந்தக் காலோடு அவர் பவளப்பாறையில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். இரண்டு வருடம் தொடர்ந்து 715 செய்தவர். இரண்டிலும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பார்க்க ஆள் போனது மூன்றாவது வருடம். அப்போதும் விரலைக் காப்பாற்ற முடிந்தது என்பது அவர் நல்ல நேரம்.

தரவுக்காரர்

கோவிட் பற்றியும் சேர்க்கிறேன். 2020 மார்ச் இறுதியில் தொலைபேசியிலும் வீடியோவிலும் 715 செய்ய அனுமதித்தார்கள். ஆனாலும் விகிதம் கீழே போனது. தொலைதூர ஊர்களை மூடியது, ஆட்கள் தடுப்பூசி வேலைக்குப் போனது எல்லாம் சேர்ந்து. போனில் காதுக்குள் பார்க்க முடியாது, நைலான் நூலும் வைக்க முடியாது.

சிவப்புமண்

இன்னொரு பரிசோதனையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஊருக்கு ஊர் வித்தியாசம் எதனால் வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அரசாங்கம் தபாலில் ஒரு பெட்டி அனுப்புகிறது. குச்சியால் மலத்தில் சிறிது எடுத்துக் குழாயில் அடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மெல்பேர்னில் கடிதப்பெட்டி இருக்கிறது, மூலையில் தபால்பெட்டி இருக்கிறது. இங்கே தெருப்பெயரே இல்லாத ஊர்களுக்குத் தபால் ஒரு பையாக வந்து சமூக அலுவலகத்தில் கிடக்கும். போதாததற்கு மாதிரி வெயிலில் கெட்டுவிடும், குளிர்ச்சியாக வைக்க வேண்டும். அதனால் வெப்பமான பகுதிகளுக்கு வெயில் மாதங்களில் பெட்டியையே அனுப்புவதில்லை. டாப் எண்டில், அதாவது வட பிரதேசத்தின் வடபகுதியில், வெயில் இல்லாத மாதம் எது? இத்தனைக்கும் மேல், ஒருவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பதினைந்து பேரின் சாப்பாட்டோடு இதை வைக்கச் சொன்னால் வைப்பாரா? நான் வைக்கமாட்டேன்.

2022 இறுதியிலிருந்து கிளினிக்கிலேயே பெட்டியைக் கையில் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள், அதற்கு முன் பூர்வகுடி மருத்துவ நிலையங்களில் வெள்ளோட்டம் பார்த்து அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு. இப்போது 715க்கு வருபவரிடம் நம் சுகாதாரப் பணியாளர் பெட்டியைத் திறந்து, எப்படி என்று கையால் காட்டி, கிளினிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறார். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை மாதிரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று 2022 ஜூலையில் எல்லோருக்கும் அனுமதி வந்ததும் அப்படித்தான். வெட்கத்தால் இருபது வருடம் வராத அம்மாக்கள் வந்தார்கள். என்னிடம் இல்லை, அவரிடம். நான் அன்றைக்கு அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன், அதுதான் நான் செய்த உதவி.

சிறுநீரகத்தையும் ஒரு வரி. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது 715இல் உள்ள மலிவான சோதனை. அதைத் தவறவிட்டால் மத்திய பாலைவனத்தில் என்ன ஆகும் என்றால், கின்டோர் போன்ற ஊர்க்காரர்கள் டயாலிசிஸுக்காக ஐநூறு கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய் வாழ வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள், சாகும் வரை. அந்தப் பக்கத்து ஊர்களின் பூர்வகுடி ஓவியர்கள் 2000இல் தங்கள் ஓவியங்களை சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தங்கள் மண்ணிலேயே டயாலிசிஸ் இயந்திரம் வைத்தார்கள். அந்த டயாலிசிஸ் சேவை பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயரில் இன்று பல ஊர்களில் நடக்கிறது. ஊரில் சாக வேண்டும் என்பதற்காக ஓவியம் விற்றவர்கள். இவர்களைப் பார்த்து உடம்பைக் கவனிப்பதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தாதி_மெல்பேர்ன்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தேசிய வழிகாட்டுதல் 2010இலேயே இருக்கிறது: எல்லா நோயாளியிடமும் கேள், தோலைப் பார்த்து முடிவுசெய்யாதே. எங்கள் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில், அவசரத் தொடர்புக்கும் காப்புறுதி எண்ணுக்கும் நடுவில். அதைத் தாண்டிப்போனால் முன்மேசையில் யாரும் கேட்பதில்லை. ஏன் என்று எங்கள் வரவேற்பாளர் பெண்ணிடம் கேட்டேன். "கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம், அக்கா. ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அந்தப் பதிலை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து ஒரு வாக்கியம் தயார் செய்தோம்: "இதை எல்லோரிடமும் கேட்கிறோம், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பரிசோதனையும் மருந்துச் சலுகையும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக." இருபது முறை அவளைச் சொல்ல வைத்தேன். கடைசியில் மூச்சு விடாமல் சொன்னாள்.

காலிக் கட்டங்களை எண்ணினோம். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை, அவ்வளவு.

ஷெப்பர்ட்டன்காரரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஃபிட்ஸ்ராயில் 1973 முதல் பூர்வகுடி சமூகமே நடத்தும் மருத்துவ நிலையம் இருக்கிறது, அங்கே போக விரும்பினால் எல்லாக் கோப்பையும் அனுப்பித் தருகிறோம், இங்கேயே செய்தாலும் சரி என்றேன். யோசித்தார். "அங்கே என் அக்கா போகிறாள், அங்கே போனால் எல்லோருக்கும் என் கதை தெரியும்" என்று சிரித்தார். "இங்கேயே செய், ஆனால் நீ செய்." நாற்பது நிமிடம் எடுத்துச் செய்தேன். சிறுநீரில் புரதம் இருந்தது, கொஞ்சம்தான், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்திருக்கிறோம் என்றார் டாக்டர். நான்கு வருடம் முன்பே பிடித்திருக்கலாம் என்று நான் மனதில் நினைத்தேன், பிறகு வாயாலும் அவரிடம் சொன்னேன். மருந்துச் சலுகைக்குப் பதிந்தாயிற்று.

போகும்போது, தன் மகன் வெர்ரிபியில் இருக்கிறான், முப்பத்தொரு வயது, டாக்டர் வாசலையே மிதிக்காதவன் என்றார். கூட்டிவரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் போட்டிருக்கிறேன். மதி அண்ணா, அந்தச் சட்டை விக்டோரியாவில் எங்கே கிடைக்கும்?

பிரிஸ்பேன்_மதி

உங்கள் ஊர்ச் சமூக நிலையத்தில் முதலில் கேளுங்கள் அக்கா, அவர்களுக்கே சொந்தமாக ஏதாவது இருக்கும். மகனின் சட்டை அளவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.